மலை பங்களா நாற்காலி

கள்ளுக்கடைகளையும் சாராயக்கடைகளையும் சர்க்கார் இழுத்து மூடிய பிறகுதான் தீனதயாளனுக்கு வீட்டில் குடிப்பதற்கென்று தனி அறை வேண்டும் என்ற ஆசை வந்தது. அதுவரை அவர் குடித்தவரல்ல, குடிக்கவைத்தவர். கள்ளக்குறிச்சியைச் சுற்றி ஏலம் எடுத்த கடைகளில் ஊற்றிக் கொடுத்து ஊரைத் தள்ளாட விட்டார். கடை போனாலும் காசு போகவில்லை. ரைஸ் மில் வந்தது, லாரி வந்தது, எலவனாசூர்கோட்டை போகிற ரோட்டில் மாடி வைத்த வீடு வந்தது. பாண்டிச்சேரியில் ஒரு வெள்ளைக்காரன் வீட்டு விருந்துக்குப் போனவர், கூடத்து மூலையில் வழவழவென்று ஒரு பழைய மரமேடை, அதன் பின்னால் கண்ணாடி அலமாரியில் பாட்டில்கள், முன்னால் உயரமான முக்காலிகள் என்று பார்த்துவிட்டு வந்ததிலிருந்து தூக்கம் இல்லை. புதுசாகச் செய்தால் புதுப்பணக்காரன் என்பான். பழசாக இருந்தால் பரம்பரை என்பான். அவருக்குப் பரம்பரை வேண்டியிருந்தது.

அந்தப் பரம்பரையைத் தேடித்தான் ஐப்பசி அடைமழையில் பள்ளிவாசல் பின்சந்தில் காரை நிறுத்திவிட்டு, அப்துல் ஜப்பாரின் பழைய சாமான் கடைக்குள் குடையோடு நுழைந்தார். உள்கொட்டகையில் அம்சவள்ளி சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு கட்டில் காலுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தாள். மரத்தூள் படிந்த புருவத்தை உயர்த்திப் பார்த்தவள், ஆளைத் தெரிந்ததும் குனிந்துகொண்டாள். தேய்க்கிற கை மட்டும் நிற்கவில்லை.

"பாய், நான் சொன்ன சாமான் வந்துச்சா?"

"மேசை வந்துடுச்சி மொதலாளி, பாருங்க." ஜப்பார் சாக்கை விலக்கினார். தேக்கு மேசை, ஆள் படுத்துப் புரளுகிற நீளம்.

"எந்தத் தொரை வூட்டுது?"

"தொரையும் இல்ல, கவர்னரும் இல்ல. விருத்தாசலத்துல ஒரு செட்டியாரு ஜவுளிக்கடைல துணி அளந்து போட்ட மேசை. தோ, கஜக்கோலு வெச்சி வெச்சித் தேஞ்ச எடம். அல்லாவுக்குப் பொதுவா சொல்றேன், நான் பொய் சொல்லி விக்கமாட்டேன்."

"நீ சொல்லலன்னா நான் சொல்லிக்கறேன். பிரெஞ்சுக்காரன் மேசை. எவன் வந்து கேக்கப் போறான்?"

கண்ணாடி பார்த்தார். பூவேலைச் சட்டம் போட்ட ஆளுயரக் கண்ணாடி, முடிவெட்டுகிற கடையில் இருந்தது. "சலூன் கண்ணாடில மூஞ்ச பார்த்துக்கினு குடிக்கச் சொல்றியா?" என்றார். "பெல்ஜியம் கண்ணாடி மொதலாளி, நம்ம மூஞ்சியே நல்லாத் தெரியும்" என்றார் ஜப்பார். அதையும் எடுத்துக்கொண்டார். முக்காலிகள் ஒரு பழைய மருந்துக்கடையிலிருந்து வந்தவை. மோதிர விரலால் தட்டிப் பார்த்துவிட்டு அவற்றுக்கும் தலையாட்டினார். நாற்காலியில்தான் மனசு நிற்கவில்லை. கோர்ட்டு நாற்காலியில் உட்கார்ந்தார், கணக்குப்பிள்ளை மாதிரி இருக்கிறது என்று எழுந்தார். சாய்வு நாற்காலியில் சாய்ந்தார், சீக்குக்காரன் மாதிரி இருக்கிறது என்றார்.

"வர்றவன் முக்காலில ஒக்காரட்டும். நான் ஒக்கார்றது தனியா இருக்கணும் பாய். நான் ஒக்காந்தா நாலு பேரு வந்து பார்த்துட்டுப் போவணும்."

உப்புத்தாள் சத்தம் நின்றது. அப்போதுதான் அவர் அங்கே ஒருத்தி இருப்பதைக் கவனித்தார்.

"இது செல்லமுத்து பொண்டாட்டி இல்ல? இன்னாமே, எப்படி கீறான்?"

"கீறாருங்க."

"எழுந்து நடக்கறானா?"

"இல்லீங்க."

"ப்ச். நான் மட்டும் போயி அவங்க கையில கால்ல வுழலன்னா உசுரோடவே வந்திருக்கமாட்டான். அத்த மறந்துடாத. நம்ம சனத்துக்கு நாமதான?"

"மறப்பனுங்களா?" என்றாள் அம்சவள்ளி.

அவள் எதையும் மறக்கவில்லை. போன வருஷம் புரட்டாசியில், தனி ஒதுக்கீடு கேட்டு ரோடு மறிக்கப் போகிறோம் என்று கருணாபுரத்துக்குள் லாரியை விட்டவர் இவர்தான். லாரியின் மேல் நின்றுகொண்டு, "நம்ம புள்ளைங்க படிக்கணுமா, கரும்பு வெட்டணுமா, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டவரும் இவர்தான். செல்லமுத்துவுக்கு மகள் செந்தமிழ்ச்செல்வி டீச்சராகணும் என்று ஆசை. ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். ரோட்டோரப் புளியமரங்கள் சாய்ந்தன. அறுத்தது லாரியில் போன எல்லாரும். மறுவாரம் போலீஸ் பிடிக்க வந்தபோது, யார் யார் என்று கேட்டவர்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. தீனதயாளனுக்கு, அவர்கள் பிடித்து வைத்திருந்த தன் லாரியை மீட்க அது தேவைப்பட்டது. ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த தீனதயாளன், தெருவில் வரிசையாக நிற்கவைத்த ஆண்களைப் பார்த்து, மோவாயை லேசாகத் தூக்கிக் காட்டினார். செல்லமுத்து அதைக் கண்ணால் பார்த்தான். ரம்பம் பிடிக்கத் தெரிந்தவன் தச்சன்தானே.

போனவன் நடந்து போனான். வந்தவனைத் துப்பட்டியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடுப்புக்குக் கீழே மரம். ஒன்றுக்குப் போனால் ரத்தம். படிக்கப் போன மகள் மல்லாட்டை பறிக்கவும் கரும்புத் தோகை உரிக்கவும் போனாள். அம்சவள்ளி புருஷனிடம் கற்ற பாலிஷ் வேலையை வைத்துக்கொண்டு பாய் கடைக்கு வந்தாள். தீனதயாளன் வீட்டு முன்னால் தலைவிரி கோலமாக நின்று மண்ணை வாரித் தூற்றிப் பார்த்தாள் ஒருநாள். அதற்குப் பிறகுதான் அவர் மாடி கட்டினார். வாரித் தூற்றின மண்ணெல்லாம் அஸ்திவாரத்துக்கு ஆகிவிட்டது போல என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

இப்போது அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஐயா. ஒரு நாற்காலி கீதுங்க. வெள்ளிமலைல தொரைங்க தங்கற பங்களாவுல இருந்தது. கருப்பு மரம். லேசுல தூக்க முடியாது."

"இருக்கறது எங்க?"

"எங்க தெருவுலதாங்க. பொதுவுல கெடக்குது. தேச்சி எடுத்தா ராசா ஒக்காரலாம்."

தீனதயாளன் ஜப்பாரைப் பார்த்தார். ஜப்பார் அம்சவள்ளியைப் பார்த்தார். அவள் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோமுகி ஆற்றங்கரையில், சுடுகாட்டை ஒட்டிய கொட்டகையில் மாயவன் பாடைக்கு ஓலை முடைந்து அடுக்கிக்கொண்டிருந்தான். கருணாபுரத்தில் யார் செத்தாலும் கட்டுவதும் தூக்க ஆள் கூட்டுவதும் குழி வெட்டுவதும் அவன்தான். மழை சற்று விட்டிருந்தது. மேற்கே கல்வராயன் மலை தலையைக் காட்டாமல் மேகத்துக்குள் முக்காடு போட்டிருந்தது. தூக்குவாளியில் களியும் கருவாட்டுக் குழம்புமாக அம்சவள்ளி வந்து நின்றாள்.

"இன்னா தங்கச்சி, சோறு குடுக்க வந்தியா, சாவு சொல்ல வந்தியா?"

"நாற்காலி வேணும்ணா."

ஓலையைப் போட்டுவிட்டு எழுந்தான். "ஐயோ, பூட்டாரா?"

"அவரு கீறாரு. இது உசுரோட கீற ஒருத்தர ஒக்கார வெக்கறதுக்கு."

கருணாபுரத்துச் சாவில் பிணத்தைக் கிடத்துவதில்லை. குளிப்பாட்டி, புதுத்துணி போட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, கையை நாற்காலிக் கைகளோடு கயிற்றால் கட்டி, தாடையைத் துணியால் இறுக்கி, வாசலில் வைத்துவிடுவார்கள். வருகிறவன் எல்லாம் அந்தக் கண்ணுக்கு நேரே நின்று அழுதுவிட்டுப் போகவேண்டும். அதற்கென்று இருந்த நாற்காலி அது. மலைமேல் பங்களா இடிந்தபோது கருணாபுரத்து ஆள் ஒருவன் அதைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தான். வந்த வாரமே காய்ச்சலில் போனான். முதலில் அதில் உட்கார்ந்தவன் அவன்தான். அப்புறம் எவனும் அதை வீட்டுக்குள் விடவில்லை. தெருவுக்குப் பொதுவாகி, மாயவன் கொட்டகையில் கிடந்தது. அகலமான கை, சிங்கப் பாதம் வைத்த கால். எத்தனையோ சாவுக் கயிறு அறுத்து அறுத்து இரண்டு கைகளிலும் பள்ளம் விழுந்திருந்தது.

அவள் சொன்னதைக் கேட்டு மாயவன் முதலில் சிரித்தான். களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்கினான். பிறகு சிரிப்பு நின்றது.

"உங்க மறியல்ல எங்க காலனி பக்கம் ஒரு வாரம் அடுப்பு எரியல. எவனும் வந்து இன்னான்னு கேக்கல."

"தெரியும்ணா."

"தெரிஞ்சா சரி. அந்த மொதலாளி அப்பன் செத்தப்ப நான்தான் குழி வெட்டனேன். சித்திரை வெயிலு. தண்ணி கேட்டேன். இந்தாளு சொம்பு குடுக்கல, குனிஞ்சி கையேந்துன்னான். கையில ஊத்தனான், பாதி மண்ணுல போச்சி." களி உருண்டையைக் கையில் வைத்தபடி இருந்தான். "எடுத்துக்கினு போ. ஆனா ஒண்ணு. தெருவுல சாவு வுழுந்தா நாற்காலி வந்தாவணும். ஒக்கார வெக்காம எவனையும் நான் தூக்கமாட்டேன்."

"அதுக்குத்தான்ணா குடுக்கறதே."

மாயவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "அடிப்பாவி" என்றான். அதில் மரியாதை இருந்தது.

குழாயடியில் பெண்களிடம் சொன்னாள். ஒருத்தியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஜீப் வந்த நாளில் எல்லார் வீட்டு ஆணும் அந்த வரிசையில் நின்றவன்தான்.

பாய் கடைக் கொட்டகையில் அதைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டு வேலை செய்தாள். அழுக்கும் சந்தனமும் மஞ்சளும் கலந்து ஒரு தோல் மாதிரி ஏறியிருந்தது. சோடா உப்புத் தண்ணீரால் ஊறவைத்துச் சுரண்டினாள். முதலில் முரட்டுத் தாள், அப்புறம் நைசுத் தாள். உள்ளே மரம் கன்னங்கரேலென்று, ஊடே செம்பு ரேகை ஓட வெளியே வந்தது. அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சைத் துணியில் பொட்டலம் கட்டித் தோய்த்து, வட்டம் வட்டமாக ஏற்றினாள். ஒரு பூச்சு காய்ந்ததும் மறு பூச்சு. பிரம்பு வாங்கி உட்காரும் இடத்தைப் புதுசாகப் பின்னினாள். கைகளில் இருந்த கயிற்றுப் பள்ளத்தை மட்டும் தொடவில்லை. மெழுகும் மரத்தூளும் குழைத்து அடைத்தால் மறைந்துவிடும். அவள் அடைக்கவில்லை. பள்ளத்துக்குள்ளும் பாலிஷ் ஏற்றிப் பளபளக்க விட்டாள்.

ஜப்பார் வந்து நின்று பார்த்தார். ஒரு விரலால் அந்தப் பள்ளத்தைத் தடவினார். சட்டென்று விரலை எடுத்துக்கொண்டார்.

"அம்சா. மூட்டை தூக்கற ராசு மவுத்துக்கு நான் வந்திருந்தேன். வாசல்ல ஒக்கார வெச்சிருந்தீங்க. மாலைக்குக் கீழ இந்தச் சிங்கக் காலு தெரிஞ்சிது."

அவள் பஞ்சுப் பொட்டலத்தை மறுபடி அரக்கில் தோய்த்தாள்.

"இது நல்லதில்லமா. நான் நாளைக்கும் இந்த ஊர்ல கடை தொறக்கணும்."

"நீங்க இத்த விக்கலயே பாய். நானும் விக்கல. தெரு குடுக்குது."

ஜப்பார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வெளியே மழையைப் பார்த்தார். "அந்த ராசு எங்கிட்டயும் மூட்டை தூக்கனவன்தான். அந்தாளு கடை சரக்குதான் அவன் கண்ண அவிச்சிது" என்றார். தொப்பியை மாட்டிக்கொண்டு, "நான் ஒண்ணும் பார்க்கல" என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போனார்.

தீனதயாளன் வந்து பார்த்தார். சுற்றி வந்தார். உட்கார்ந்தார். முதுகு சரியாகப் பதிந்தது. இரண்டு கைகளையும் தூக்கி நாற்காலிக் கைகளின் மேல் வைத்தார். மணிக்கட்டு இரண்டும் இயல்பாகப் போய் அந்தப் பள்ளங்களில் உட்கார்ந்தன.

"இன்னாமே இது, தடம்?"

"தெரியலீங்க. மலைல இருந்து வந்தப்பவே இருந்திருக்கும்."

"எனக்குத் தெரியுது. தொரை துப்பாக்கி மாட்டன வார் தடம். ஒக்காந்துக்கினே புலி சுட்டிருப்பான்." அவரே சிரித்தார். "இன்னா வெல?"

"வெலைக்குத் தரமாட்டாங்க ஐயா. தெருவுக்குப் பொது. பெரிய மனுசன் வூட்ல இருக்கட்டும்னு குடுக்கறாங்க. ஆனா தெருவுக்கு வேணும்னு வந்து கேட்டா அப்பவே குடுத்துடணும். அப்புறம் திருப்பிக் கொணாந்து வெப்பாங்க."

"எங்கிட்ட குடுத்தத எவன் வந்து திருப்பிக் கேக்கறது? சரி, கேட்டா எடுத்துக்கினு போவட்டும். இது எந்தக் காலத்துக்கும் என் வூட்டு நாற்காலிதான். பாய், நீயே சாட்சி."

ஜப்பார் தாடியைத் தடவிக்கொண்டு, "நான் கேட்டுக்கினுதான் கீறேன் மொதலாளி" என்றார்.

நாற்காலி லாரியில் ஏறிப் போனது. செல்லமுத்து மறியலுக்கு ஏறிப் போன அதே லாரி.

அதற்குப் பிறகு கருணாபுரத்துக்குக் குழாயடி இனித்தது. தீனதயாளன் வீட்டில் பெருக்கித் துடைக்கப் போகிற ஆண்டாள் தினம் ஒரு சேதி கொண்டுவந்தாள்.

"ரவுண்டு கட்டி ஆளுங்கள ஒக்கார வெச்சிக்கினு, தொரை புலி சுட்ட கதைய சொல்றாருடி. புலி ஒண்ணா இருந்தது, இப்ப மூணு ஆயிடுச்சி."

"குடிச்சிட்டு இன்னா பண்றாரு?"

"அதுலயே சாஞ்சி, ரெண்டு கையையும் பள்ளத்துல வெச்சிக்கினு, வாயப் பொளந்து தூங்கறாரு. மூக்குல பஞ்சு ஒண்ணுதான் கொறச்சல்."

குடம் நிரம்பி வழிய வழியச் சிரித்தார்கள். மார்கழிப் பனியில் மில்லுக்குப் போகிற ஆண்கள் அந்த வீட்டைத் தாண்டும்போது மாடி ஜன்னலைப் பார்த்துத் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்கள். சாவு வீட்டைத் தாண்டுகிறவன் செய்கிற காரியம். தீனதயாளன் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

அம்சவள்ளிக்கு மட்டும் அந்தச் சிரிப்பு போதவில்லை. அவர் தெரிந்து எழுந்திருக்க வேண்டும். நாலு பேர் நடுவில் எழுந்திருக்க வேண்டும். அதற்குத் தெருவில் ஒரு சாவு விழவேண்டும். எதிர்வீட்டுத் தைலம்மாள் கிழவி ஆடியிலிருந்து இருமிக்கொண்டிருந்தாள். விடிந்ததும் சாணி கரைத்துக்கொண்டே அம்சவள்ளி காது கொடுத்துக் கேட்பாள். இருமல் சத்தம் வரும். சே என்றிருக்கும். பொங்கல் கிட்டத்தில் ஒருநாள் சத்தம் வரவில்லை. வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். கிழவி அடுப்பெதிரே உட்கார்ந்து சாமைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"இருமல் வுட்டுடுச்சிடி. மலைக்காரன் குடுத்த மருந்து நல்லாக் கேட்டுச்சி" என்றாள் தைலம்மாள். "இன்னாடி உம் மூஞ்சி இப்படிப் போவுது?"

அம்சவள்ளிக்குத் தன்னைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து புருஷன் கட்டிலோரம் உட்கார்ந்தாள். செல்லமுத்துவுக்கு எலும்பும் கண்ணும்தான் மிச்சம். முகம் மட்டும் வீங்கியிருந்தது.

"தைலம்மா செத்துட்டாளான்னு பார்க்கப் போனியா?" என்றான்.

"இன்னாய்யா பேச்சு இது?"

"ஆண்டாளு புருசன் வந்து எல்லாத்தையும் சொன்னான். நாற்காலி கதைய." அவன் வயிறு குலுங்கியது. வலியில் என்று பயந்து கிட்டப் போனாள். சிரித்துக்கொண்டிருந்தான். ஜீப்பில் ஏறின நாளிலிருந்து அவன் சிரித்து அவள் பார்த்ததில்லை. "மூக்குல பஞ்சு வெக்கலியாமே. நீ ஆளு இல்ல அம்சா, பேயி."

"பேயிதான். போ."

"எவன் எவன் சாவுக்கோ காத்துக்கினு கீறியே. நான் ஒருத்தன் இங்க பாயோட பாயா கெடக்கறனே, என்னைய கணக்குலயே சேக்கலியா?"

"வாய மூடுய்யா." அவன் வாயைக் கையால் பொத்தினாள். அவன் உதடு அவள் உள்ளங்கைக்குள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. தெருவில் சாவு விழவேண்டும் என்று இத்தனை நாள் வேண்டினாளே, தன் வீடும் அந்தத் தெருவில்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்லமுத்து கொஞ்சம் கஞ்சி கேட்டான். ஆற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டான்.

செந்தமிழ்ச்செல்வி அலறிய அலறலில் தெரு கூடியது. மாயவன் வந்தான். பறைக்காரர்கள் வந்து வைக்கோல் கொளுத்தித் தோல் காய்ச்சினார்கள். குளிப்பாட்டிப் புதுவேட்டி கட்டியாயிற்று. அதற்கப்புறம் எல்லாரும் சும்மா நின்றார்கள். எல்லாக் கண்ணும் அம்சவள்ளி மேல் இருந்தது. கிழக்கே எலவனாசூர்கோட்டை ரோட்டுப் பக்கமிருந்து காற்றில் மீன் வறுக்கிற வாசனை வந்தது. தீனதயாளன் வீட்டில் அன்று விருந்து என்று ஆண்டாள் முந்தின நாளே சொல்லியிருந்தாள். மில்லுக்காரர்கள், காண்ட்ராக்டர்கள், கட்சிக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள்.

"நான் போய் வாங்கியாரேன்" என்றான் மாயவன்.

"நானே வரேன்."

"பொணத்த வுட்டுட்டு பொண்டாட்டி வாசல் தாண்டக் கூடாதுடி" என்றாள் தைலம்மாள்.

"அவரு எங்க போவப் போறாரு ஆயா? நாற்காலி வர்ற வரைக்கும் காத்துக்கினு இருப்பாரு."

அவிழ்ந்த கூந்தலை முடியாமல் நடந்தாள். பின்னால் மாயவன். அவன் பின்னால் இரண்டு பறை. அடிக்காமல் இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார்கள்.

வெயில் ஏறிய நேரம். கேட்டில் நின்றவன் தலைவிரி கோலத்தைப் பார்த்து ஒதுங்கிவிட்டான். அவள் நேராகப் படியேறினாள். அந்த அறையில் அவள் தேய்த்த மேசை, அவள் துடைத்த கண்ணாடி, அவள் கால் ஒட்டிக் கொடுத்த முக்காலிகள். முக்காலிகளில் வெள்ளை வேட்டிகள். நடுவில் தீனதயாளன், கையில் கண்ணாடிக் கிளாசோடு, புலி பாய்ந்த இடத்துக்கு வந்திருந்தார். அவளைக் கண்டதும் நின்றார்.

"இன்னாமே இது? எந்த நேரத்துல வந்து நிக்கற?"

"நாற்காலி வேணுங்க. தெருவுக்கு."

"இப்ப இன்னா அவசரம்? போ, அப்புறமா அனுப்பறேன்."

"அப்புறம் தாங்காதுங்க. அவரு பூட்டாரு. ஒக்கார வெக்கணும்."

முக்காலியில் இருந்த ஒருவர், "யாரு பூட்டாரு? எதுல ஒக்கார வெக்கணும்?" என்றார்.

மாயவன் வாசற்படிக்கு வெளியே நின்றே பேசினான். "இது எங்க தெரு சாவு நாற்காலிங்க. பொணத்த இதுலதான் ஒக்கார வெப்போம். நான்தான் கட்டுவேன். ஐயா கை வெச்சிருக்காரு பாருங்க, அந்தப் பள்ளத்துலதான் கயிறு போவும். மூட்டை தூக்கற ராசு, இவரு கடை சரக்கு குடிச்சி கண்ணு போய்ச் செத்தானே, அவன் கையும் அங்கதான் இருந்துச்சி."

தீனதயாளன் தன் கையைப் பார்த்தார். மணிக்கட்டுகள் பள்ளத்துக்குள் இருந்தன. எடுக்கப் பார்த்தார். சிந்திய பிராந்தியில் அரக்கு இளகி, தோல் ஒட்டிக்கொண்டு, பிய்த்துக்கொண்டு வந்தது. அந்தச் சின்னச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. யாரோ கிளாசைக் கீழே வைத்தார்கள். உள்ளிருந்து மீன் தட்டோடு வந்த அவர் மனைவி ராதிகா கதவிலேயே நின்றாள்.

"பொய் சொல்றா. திருட்டு முண்ட. பாய் எங்க? அவன் இத்த..."

"பாய் விக்கலீங்க. நீங்கதான் கேட்டீங்க, நான் ஒக்காந்தா நாலு பேரு வந்து பார்த்துட்டுப் போவணும்னு." அம்சவள்ளி குரலை உயர்த்தவில்லை. "பார்த்துட்டாங்க. எந்திரிங்க. ஜீப்புல ஒக்காந்துக்கினு மோவாயத் தூக்கிக் காட்டினீங்களே, அந்த ஆளு வாசல்ல காத்துக்கினு கீறாரு."

கட்சிக்காரர் ஒருவர் தீனதயாளனைத் திரும்பிப் பார்த்தார். "எந்த ஜீப்பு?" என்றார். மறியல் நடந்த புரட்டாசியில் அவருடைய தம்பியும் உள்ளே போய் வந்தவன்.

தீனதயாளன் கையை வேட்டியில் துடைத்தார்.

"எந்திரிங்களேன்" என்றாள் ராதிகா. அழுகையும் ஆத்திரமுமாக. "அதுலேர்ந்து எந்திரிங்க மொதல்ல. எந்திரிச்சித் தலைக்கு ஊத்திக்கினு வாங்க."

அவர் எழுந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாயவனும் பறைக்காரர்களும் உள்ளே வந்து நாற்காலியைத் தூக்கினார்கள். மாயவன் அந்த வீட்டுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. யாரும் தடுக்கவில்லை. படியிறங்கும்போது மேலே கிளம்புகிறவர்களின் கார்ச் சாவிகள் குலுங்கின. கேட்டைத் தாண்டியதும் பறை அதிர்ந்தது.

வாசலில் இறக்கி வைத்தபோது அம்சவள்ளி பிரம்பைத் தொட்டுப் பார்த்தாள். அவர் உட்கார்ந்த சூடு இன்னும் இருந்தது. அவள் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அழுத்தித் துடைத்தாள். மறுபடியும் நனைத்துத் துடைத்தாள். பிராந்தி வாடை போகவில்லை. செல்லமுத்துவைத் தூக்கி உட்கார வைத்தார்கள். மாயவன் கயிற்றை எடுத்தான். அவள் வாங்கி, தானே அவன் கைகளை அந்தப் பள்ளங்களில் வைத்துக் கட்டினாள். தச்சன் கை, இன்னும் காய்ப்பு மாறாத கை. அது வரைக்கும் அழாதவள், முடிச்சு போடும்போது அவன் மடியில் தலையைப் போட்டு, தைலம்மாளும் மற்றவர்களும் இழுத்தும் வராமல், கிடந்தாள்.

பால் தெளித்த மறுநாள் மாயவன் வாசலில் வந்து நின்றான். நாற்காலி பந்தக்காலோரம் கிடந்தது.

"கொட்டாய்க்குத் தூக்கிக்கினு பூடட்டுமா தங்கச்சி?"

அம்சவள்ளி நெற்றியில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்து உப்புத்தாளை மடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் வேலைக்குப் போகவேண்டும். பாய் அவளுக்காகக் கொட்டகையைத் திறந்துதான் வைத்திருந்தார்.

"இன்னாண்ணா கொட்டாய்க்கு? திருப்பிக் கொணாந்து வெப்போம்னு சொல்லித்தான வாங்கனோம். எந்தக் காலத்துக்கும் என் வூட்டு நாற்காலின்னு அவரு வாயாலதான் சொன்னாரு. பேச்சு மாறக் கூடாது."

மாயவன் துண்டைச் சும்மாடு கட்டினான்.

கேட் பூட்டியிருந்தது. அதற்கு நேர் எதிரே, மாடி ஜன்னலைப் பார்த்தபடி நாற்காலியைப் போட்டுவிட்டு வந்தான். அந்த வீட்டில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் கருணாபுரத்துக்காரர்கள். ஒருத்தரும் அதைத் தொடவில்லை. தீனதயாளன் தொடவில்லை. கார் அதைச் சுற்றி வளைந்து வெளியே போனது, வளைந்து உள்ளே வந்தது. மாசியில் காலம் தப்பி ஒரு மழை பெய்து அரக்கெல்லாம் வெளுத்துப் பூத்தது. நாற்காலி அங்கேயே இருந்தது, யாராவது வந்து உட்காரட்டும் என்று.